ஒரே பாட்டில் தைலம், ஊசி போடும்போதெல்லாம் வேறு சினியோல்: ஜிசி இன்ஜெக்‌ஷன் சிக்கல்

ஊட்டி ஜிசி எழுதியது:

வணக்கம். ஊட்டியில் ஒரு சின்ன டெஸ்டிங் லேபில் ஜிசி, அதாவது கேஸ் குரோமட்டோகிராஃப் ஓட்டுகிறேன் (சாம்பிளை ஆவியாக்கி, உள்ளே இருக்கும் பொருள்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பீக்காகக் காட்டும் மெஷின்). வருகிற சாம்பிளில் முக்கால்வாசி நீலகிரித் தைலம்தான். மெஷின் பழசு, ஆட்டோசாம்ப்ளர் கிடையாது, கையால்தான் ஊசி. டிடெக்டர் எஃப்ஐடி (வருவதைச் சுடரில் எரித்து அளப்பது), ஆவியைச் சுமந்து செல்ல நைட்ரஜன் கேரியர், பிரிப்பதற்கு 30 மீட்டர் நீளம் 0.25 மில்லிமீட்டர் கேபிலரிக் குழல், உள்ளே 5 விழுக்காடு ஃபினைல் பூச்சு. ஊசி போடும் இன்லெட் 250 டிகிரி, ஸ்ப்ளிட் 20:1 (ஆவியில் சுமார் இருபதில் ஒரு பங்குதான் கேபிலரிக்குள், மிச்சம் வெளியே). தைலத்தை எதிலும் கலக்காமல் அப்படியே 0.2 மைக்ரோலிட்டர் போடுகிறோம், இங்கே எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே அப்படித்தான்.

பிரச்சினை என்னவென்றால், ஒரே பாட்டிலை ஒரே காலையில் அடுத்தடுத்துப் போட்டால் தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் ஒரு தடவை 72 விழுக்காடு என்று வருகிறது, அடுத்த தடவை 64. மருந்துத் தரத்துக்கு 70 வேண்டும். வியாபாரி வாசலிலேயே நிற்கிறார், அவருக்கு நான் எந்த எண்ணைக் கொடுப்பது? கேபிலரியை ராத்திரி முழுக்கச் சூடேற்றிக் கண்டிஷன் செய்தாகிவிட்டது, டிடெக்டர் ஜெட்டைக் கழற்றித் துடைத்தாகிவிட்டது, இப்போது புது கேபிலரி வாங்கிவிடலாமா என்று மேலே பேச்சு ஓடுகிறது. ஆர்டர் போடுவதற்குள் யாராவது சொல்லுங்கள்.


கோவை சர்வீஸ் எழுதியது:

கேபிலரி வாங்காதீங்க தம்பி. ஆர்டரை நிறுத்திட்டு முதலில் ஒரு விஷயம் சொல்லுங்கள். விழுக்காடு மாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், மொத்த ஏரியா என்ன ஆகிறது? எல்லா பீக்கையும் கூட்டினால் வருகிற எண் ரன்னுக்கு ரன் நிலையாக இருக்கிறதா, அதுவும் ஆடுகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், ஏரியா விழுக்காடு முறையில் (ஒரு பீக்கின் ஏரியாவை மொத்த ஏரியாவால் வகுப்பது) நீங்கள் கொஞ்சம் கூடவோ குறையவோ ஊசி போட்டாலும் விழுக்காடு மாறக் கூடாது. மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் பெருக்கின மாதிரிதானே. மொத்தம் மட்டும் ஆடி, விழுக்காடு நிலையாக நின்றால், அளவு சரியாகப் போகவில்லை, ஊசியிலோ செப்டத்திலோ (ஊசி குத்தும் ரப்பர் மூடி) ஒழுக்கு என்று அர்த்தம். மொத்தம் நிலையாக இருந்து விழுக்காடு மட்டும் ஆடினால் பீக் பிரிவதிலோ கோடு போட்டு வெட்டும் இடத்திலோ கோளாறு. இரண்டும் சேர்ந்து ஆடினால் சாம்பிள் உள்ளே போகும் வழியிலேயே அதன் சேர்மானம் மாறுகிறது. முக்கால்வாசிப் பேர் இதைப் பார்க்காமல் நேராக ஓவனுக்கும் டிடெக்டருக்கும் போய்விடுகிறார்கள், ஸ்பேனர் எடுப்பதற்கு முன் கால்குலேட்டரை எடுக்க வேண்டிய இடம் இது.


அரவங்காட்டுக்காரன் எழுதியது:

செப்டம் எப்போது மாற்றினீர்கள்? நூறு ஊசிக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும், கையால் குத்துகிறீர்கள் என்றால் அதற்கும் முன்னாலேயே. நட்டில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், குமிழ் வந்தால் தெரிந்துவிடும்.


கோவை சர்வீஸ் எழுதியது:

சோப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கேபிலரி மெஷினில் சோப்பு உள்ளே இழுபட்டால் அப்புறம் ஒரு மாதம் சாம்பிளில் இல்லாத பேய் பீக் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கையில் எலக்ட்ரானிக் லீக் டிடெக்டர் இருந்தால் நல்லது. இல்லை என்றால் இன்லெட்டிலிருந்து வாயு வெளியேறும் ஸ்ப்ளிட் வென்ட்டையும் செப்டம் பர்ஜையும் மூடிவிட்டு, கேபிலரி நுழையும் இடத்தை அடைத்து, கேரியரை நிறுத்தி அழுத்தம் இறங்குகிறதா என்று கேஜைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் முள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கினால் ஒழுகுகிறது.


அரவங்காட்டுக்காரன் எழுதியது:

கேபிலரிக்கு முந்தின, தூள் அடைத்த தடித்த குழல் ஓட்டின பேக்டு காலத்து ஆள் நான், அப்போது எல்லாவற்றுக்கும் சோப்புத் தண்ணீர்தான் 😄 சரி, ஐசோபுரோப்பனாலும் தண்ணீரும் கலந்து ஒரு சொட்டு விடலாமா?


கோவை சர்வீஸ் எழுதியது:

அது பரவாயில்லை அண்ணா, சூடு ஆறின பிறகு.


ஊட்டி ஜிசி எழுதியது:

பழைய ரன்களையெல்லாம் எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன். இரண்டுமே ஆடுகிறது. ஆனால் ஏனோதானோ என்று ஆடவில்லை. மொத்த ஏரியா பெரிதாக வரும் ரன்னில் சினியோல் அதிகம், தைலத்தில் இருக்கும் இன்னொரு பொருளான லிமோனீன் பீக்கே காணோம், சினியோல் பீக்கின் முன்பக்கம் சாய்ந்து சுறாமீன் துடுப்பு மாதிரி நிற்கிறது. மொத்தம் சின்னதாக வரும் ரன்னில் லிமோனீன் ஒரு சின்ன தோள் மாதிரி தெரிகிறது, ஆல்ஃபா பைனீன் ஏறிவிடுகிறது, கடைசியில் வர வேண்டிய குளோபுலால், அரோமடென்ட்ரீன் எல்லாம் பாதியாகிவிடுகிறது. செப்டம் நேற்று மாற்றினேன். பழையதை எடுத்தால் நடுவில் துளை, லைனருக்குள் (இன்லெட்டில் செருகும் கண்ணாடிக் குழாய்) செப்டம் துகள், அதில் வைத்த கண்ணாடி நார் பழுப்பேறி ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தது.


கோவை சர்வீஸ் எழுதியது:

இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்களிடம் இரண்டு நோய் ஒன்றாக இருக்கிறது, அதனால்தான் குழப்பம்.

முதலாவது, ஓவர்லோடு. கணக்குப் போடுங்கள். தைலம் ஒரு மைக்ரோலிட்டர் சுமார் 0.9 மில்லிகிராம். 0.2 போட்டால் 180 மைக்ரோகிராம், 20:1 ஸ்ப்ளிட்டில் சுமார் 9 மைக்ரோகிராம் கேபிலரிக்குள் போகிறது, அதில் சினியோல் மட்டும் 6. உங்கள் 0.25 மில்லிமீட்டர் கேபிலரி ஒரு பொருளுக்குத் தாங்குவது நூறு நானோகிராம் பக்கம். அறுபது மடங்கு! இந்த 5 விழுக்காடு ஃபினைல் பூச்சில் பாரா-சைமீன், லிமோனீன், சினியோல் மூன்றும் தோளோடு தோள் உரசி வருபவை, ரிடென்ஷன் இண்டெக்ஸ் (பீக் வரும் இடத்தைச் சொல்லும் எண்) 1024, 1029, 1031 அளவில். சினியோல் முன்பக்கம் சாய்ந்து வளர்ந்தால் முதலில் விழுங்குவது லிமோனீனைத்தான். விழுங்கின ஏரியா சினியோல் கணக்கில் சேருகிறது. அந்த 72 பொய் 72.

இரண்டாவது, ஊசி. 10 மைக்ரோலிட்டர் சிரிஞ்சில் ஊசிக்குள்ளேயே சுமார் 0.7 மைக்ரோலிட்டர் நிற்கும். நீங்கள் 0.2 என்று தண்டில் பார்த்து அழுத்துகிறீர்கள், ஊசி 250 டிகிரி இன்லெட்டுக்குள் போனதும் அதற்குள் நிற்கிற 0.7-ம் கொதிக்க ஆரம்பிக்கிறது. பைனீன் 156 டிகிரியில் கொதிப்பது, முதலில் வெளியே ஓடிவிடும். குளோபுலால் மாதிரி கனமானவை ஊசிச் சுவரில் ஒட்டிக்கொண்டு உங்களோடு வெளியே வந்துவிடும். ஊசியை எத்தனை நேரம் உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் போகிற அளவும் மாறும், சேர்மானமும் மாறும். அப்படியானால் 0.2 என்பது உண்மையில் 0.3-ஆகவும் இருக்கலாம், 0.9-ஆகவும் இருக்கலாம்.

செய்ய வேண்டியது: தைலத்தை ஹெக்சேனில் நூற்றுக்கு ஒன்று கலக்குங்கள். ஸ்ப்ளிட் 100:1. ஒரு மைக்ரோலிட்டர். இப்போது கேபிலரிக்குள் போவது 90 நானோகிராம், சினியோல் அறுபது சொச்சம். லைனர் புதிது, கண்ணாடி நார் நடுவில், ஊசி முனைக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். செப்டம் நட்டை விரல் இறுக்கத்துக்கு மேல் முக்கால் சுற்று, அவ்வளவுதான். பலம் இருக்கிறது என்று முறுக்கினால் ரப்பர் பிதுங்கி ஒவ்வொரு குத்துக்கும் ஒரு துண்டு லைனருக்குள் விழும், நீங்கள் பார்த்த துகள் அதுதான்.


தைலக் கொட்டகை எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் கெமிஸ்ட் இல்லை, எமரால்டு பக்கம் கற்பூர இலை காய்ச்சுகிற குடும்பம். ஒரே டிரம்மிலிருந்து இரண்டு இடத்துக்கு சாம்பிள் கொடுத்தால் ஒருவர் 71 என்பார், ஒருவர் 66 என்பார், வியாபாரி 66-ஐப் பிடித்துக்கொண்டு விலையைக் குறைப்பார். எந்த லேப் என்று பெயர் சொல்ல விருப்பமில்லை. இத்தனை நாளும் எங்கள் அடுப்பில்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இதைப் படித்தால் ஊசியில் இருக்கிறது போலிருக்கிறதே!


கோவை சர்வீஸ் எழுதியது:

இரண்டிலும் இருக்கலாம் அண்ணா. நீங்கள் சாம்பிளை டிரம்மின் மேலிருந்து எடுக்கிறீர்களா, அடியிலிருந்தா?


தைலக் கொட்டகை எழுதியது:

அடியில் குழாய் இருக்கிறது, அதில்தான் பிடிப்போம். டிசம்பர், ஜனவரி விடிகாலையில் பிடித்தால் பால் மாதிரி வெள்ளையாக வரும், வெயில் ஏறினால் தெளிந்துவிடும்.


லவ்டேல் எழுதியது:

இதைத்தான் எழுத வந்தேன். நான் இங்கே ஆராய்ச்சி மாணவி. பால் மாதிரி வருவது தண்ணீர். ஆவியில் காய்ச்சின எண்ணெயில் கொஞ்சம் தண்ணீர் கரைந்து நிற்கும், குளிர் விழுந்தால் கரைவது குறைந்து நுண்ணிய துளியாகப் பிரிந்துவிடும், அடிக்குழாயில் பிடித்தால் துளி இன்னும் அதிகம். உறைபனி விழுகிற காலையில் எங்கள் லேபுக்குள்ளேயே எட்டுப் பத்து டிகிரிதான் இருக்கும், அந்த நேரத்தில் குப்பியைத் திறந்து ஊசியில் இழுத்தால் ஒரு துளி தண்ணீரும் சேர்ந்து வரும்.

எஃப்ஐடிக்குத் தண்ணீர் தெரியவே தெரியாது, அதனால் குரோமட்டோகிராமில் ஒன்றும் காட்டாது, ஏரியா மட்டும் திடீரென்று விழும். நீரற்ற சோடியம் சல்ஃபேட் ஒரு சிட்டிகை போட்டு, குலுக்கி, தெளிந்த பிறகு மேலிருந்து எடுங்கள். பாட்டில் அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும்.

தண்ணீர் இன்லெட்டுக்குள் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. ஊட்டி 2240 மீட்டர், காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல், கடல் மட்டத்தில் 101. கேஜில் 10 பிஎஸ்ஐ வைத்தால் அங்கே உள்ளே மொத்தம் 170, இங்கே 146 கிலோபாஸ்கல். 250 டிகிரியில் ஒரு மைக்ரோலிட்டர் ஹெக்சேன் சென்னையில் 200 மைக்ரோலிட்டர் ஆவியாகும், இங்கே 230 வரை. மெத்தனால் அங்கே 630, இங்கே 730. தண்ணீர் அங்கே 1400, இங்கே 1650. நம் 4 மில்லிமீட்டர் லைனர் கொள்ளளவே ஆயிரம் மைக்ரோலிட்டருக்குக் கொஞ்சம் கீழே, அதற்கு மேல் போகிற ஆவி வழிந்துவிடும்.


அரவங்காட்டுக்காரன் எழுதியது:

அட, அப்படியானால் மலைக்கு மேலே ரிடென்ஷன் டைமும் (பீக் வெளியே வரும் நேரம்) தாறுமாறாக மாற வேண்டுமே? கீழே எடுத்த டேபிளை வைத்துத்தான் இங்கே பீக் அடையாளம் பார்க்கிறோம்.


லவ்டேல் எழுதியது:

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். கேஜ் அழுத்தம் ஒன்றாக இருந்தால் உள்முனை அழுத்தமும் வெளிமுனை அழுத்தமும் சேர்ந்தே இறங்குகின்றன. வாயு கேபிலரியைக் கடக்கும் நேரம் இரண்டு முனைகளின் அழுத்தத்தைச் சேர்த்து வரும் கணக்கு. 10 பிஎஸ்ஐக்கு ஊட்டிக்கும் சென்னைக்கும் வித்தியாசம் ஒரு விழுக்காடுதான் வருகிறது. ஆவியின் அளவு மட்டும் 15, 16 விழுக்காடு கூடும். அதாவது மலையின் பாதிப்பு முழுக்க இன்லெட்டில்தான் விழுகிறது, கேபிலரியில் கிட்டத்தட்ட இல்லை. சோப்புக் குமிழ் மீட்டரில் ஃப்ளோ அளக்கிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும், மெல்லிய காற்றில் அதே மோல் அதிக மில்லிலிட்டராகத் தெரியும்.


குன்னூர் தேயிலை எழுதியது:

மேடம், நீங்கள் எழுதிய ஆவிக் கணக்கைப் படித்துவிட்டுத்தான் இந்தக் குழுவிலேயே சேர்ந்தேன்! நான் குன்னூரில் தேயிலை பூச்சிமருந்து எச்சம் பார்க்கிறேன். ஸ்ப்ளிட்லெஸ் (ஆவியைப் பிரித்து வெளியே விடாமல் கேபிலரிக்கே அனுப்புவது), அசிட்டோநைட்ரைல் சாறு, 2 மைக்ரோலிட்டர், ஆட்டோசாம்ப்ளர்தான். இந்த மெத்தட் சமவெளியில் ஒரு லேபில் எழுதி வேலிடேட் செய்து வந்தது, அழுத்தம் 10 பிஎஸ்ஐ நிலையாக வைத்தது. அங்கே நன்றாக ஓடுகிறது. இங்கே முன்னால் வரும் பீக் எல்லாம் அகன்று சில சமயம் இரண்டாகப் பிளந்து நிற்கிறது, திரும்பத் திரும்பப் போட்டால் எண் ஒத்துவருவதில்லை, அடுத்து வெறும் கரைப்பான் போட்டால் முந்தின சாம்பிளின் நிழல் தெரிகிறது. ஆபரேட்டர் சரியில்லை என்று அவர்கள் கடிதம் எழுதுகிறார்கள்.


லவ்டேல் எழுதியது:

அசிட்டோநைட்ரைல் ஒரு மைக்ரோலிட்டர் கடல் மட்டத்தில் சுமார் 490 மைக்ரோலிட்டர் ஆவி. இரண்டுக்கு 980. லைனரின் விளிம்பு வரை வந்துவிட்டது, கண்ணாடி நாரையும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் கேரியரையும் கழித்தால் அங்கேயே தளும்பும் நிலைதான். குன்னூர் 1850 மீட்டர், 81 கிலோபாஸ்கல் என்று வைத்தால் இரண்டு மைக்ரோலிட்டர் 1100-ஐத் தாண்டுகிறது. வழிந்த ஆவி எங்கே போகும்? மேலே செப்டம் பர்ஜ் குழாய்க்குள்ளும், பின்னால் ஸ்ப்ளிட் குழாய்க்குள்ளும் போய்க் குளிர்ந்த சுவரில் படியும். அடுத்த ரன்னில் அதில் கொஞ்சம் திரும்பி வரும், அதுதான் நிழல். ஆபரேட்டர் பாவம்.


கோவை சர்வீஸ் எழுதியது:

கணக்கு சரி. அங்கே மயிரிழையில் தப்பித்தது இங்கே மாட்டிக்கொண்டது. அந்தக் கடிதத்துக்குப் பதிலாக இந்த இரண்டு எண்ணையும் எழுதி அனுப்புங்கள்.

ஆனால் பீக் பிளப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, மலை மேல் பழி போட்டு அதை விட்டுவிடக் கூடாது. அசிட்டோநைட்ரைல் போலார், உங்கள் கேபிலரிப் பூச்சு போலார் அல்ல. ஓவன் குளிராக இருக்கும்போது கரைப்பான் பூச்சை நனைத்துப் படலமாகப் பரவாமல், வாழை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக நிற்கும். ஒவ்வொரு முத்திலிருந்தும் சாம்பிள் தனித்தனியாகக் கிளம்பினால் பீக் பிளக்கும். கேபிலரியின் முன் முனையில் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் பூச்சில்லாத டீஆக்டிவேட் செய்த குழாய் இணைக்கலாம், அல்லது சாற்றை எத்தில் அசிடேட்டுக்கோ டொலுயீனுக்கோ மாற்றலாம்.

அதோடு தேயிலை என்றால் லைனரைத் தினமும் பாருங்கள். கஃபீனும் பச்சையமும் படிந்து தார் மாதிரி ஆகிவிடும். சுத்தமான கரைப்பானில் போட்ட ஸ்டாண்டர்டும் (அளவு தெரிந்த ஒப்பீட்டுச் சாம்பிள்) தேயிலைச் சாற்றில் போட்ட ஸ்டாண்டர்டும் ஒரே உயரம் வராது, லைனரில் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் இடங்களைச் சாறு மூடிவிடுவதால் சாற்றில் அதிகம் தெரியும். எச்சமில்லாத தேயிலைச் சாற்றிலேயே ஸ்டாண்டர்டு போடுவது நல்லது.


குன்னூர் தேயிலை எழுதியது:

2-ஐ 1 ஆக்கினால் டிடெக்‌ஷன் லிமிட் போய்விடும் என்கிறார்களே?


லவ்டேல் எழுதியது:

அளவைக் குறைக்க விருப்பமில்லை என்றால் பிரஷர் பல்ஸ் இருக்கிறதா பாருங்கள். ஊசி போடும் நேரத்தில் மட்டும் 30 பிஎஸ்ஐ கொடுத்தால் உள்ளே மொத்தம் 288 கிலோபாஸ்கல், 2 மைக்ரோலிட்டர் 580-க்குள் அடங்கிவிடும். நிலையான அழுத்தத்துக்குப் பதில் நிலையான ஃப்ளோ மோடில் ஓட்டினாலும், வெளி அழுத்தத்தைத் தானே அளக்கிற மெஷின் என்றால், உள் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வித்தியாசத்தில் பாதியைச் சரிக்கட்டும். மலையில் நமக்கு ஒரு நன்மையும் இருக்கிறது, ஓவனை 40 டிகிரிக்கு இறக்கச் சமவெளிக்காரர்கள் ஏசி போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள், நமக்கு ஜன்னலைத் திறந்தால் போதும்.


அரவங்காட்டுக்காரன் எழுதியது:

ஜன்னலைத் திறந்தால் மஞ்சு உள்ளே வரும், சிரிஞ்ச் வியர்க்கும் 😄


ஊட்டி ஜிசி எழுதியது:

அப்டேட். நூற்றுக்கு ஒன்று கலந்து, புது லைனர், 100:1. லிமோனீன் தனியாக நிற்கிறது, வால் கொஞ்சம் தொட்டாலும் வெட்ட முடிகிறது. அந்தப் பாட்டில் இப்போது 68-லிருந்து 68.5-க்குள் நிற்கிறது. வியாபாரிக்கு முகம் தொங்கிவிட்டது, அது வேறு விஷயம். ஆனால் மொத்த ஏரியா இன்னும் பத்து விழுக்காடு வரை ஆடுகிறது. கையால் ஒரு மைக்ரோலிட்டர் போடுவதற்கு ஏதாவது வழக்கம் இருக்கிறதா?


கோவை சர்வீஸ் எழுதியது:

இருக்கிறது. முதலில் அரை மைக்ரோலிட்டர் வெறும் ஹெக்சேன் இழுங்கள், அப்புறம் அரை காற்று, அப்புறம் சாம்பிள் ஒன்று, கடைசியில் மறுபடியும் காற்று இழுத்துச் சாம்பிள் முழுக்கக் கண்ணாடிக் குழலுக்குள் வந்துவிட்டதா பாருங்கள். ஊசிக்குள் ஒன்றும் நிற்கக் கூடாது. இப்போது குழலில் சாம்பிளின் இரண்டு முனையும் கண்ணுக்குத் தெரியும், கோட்டை எண்ணிப் படிக்கலாம், தண்டு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ஊசியை உள்ளே விட்டு மூன்று நான்கு விநாடி சூடாக விடுங்கள், தண்டைச் சட்டென்று அழுத்துங்கள், உடனே உருவுங்கள். சாம்பிளுக்குப் பின்னால் வரும் ஹெக்சேன் ஊசியைக் கழுவிவிடும். உருவின பிறகு தண்டை இழுத்து எவ்வளவு மிச்சம் என்று ஒரு தடவை பாருங்கள். தண்டு எங்கேயாவது பிடிக்கிற மாதிரி இருந்தால் அந்த சிரிஞ்சைத் தூக்கிப் போடுங்கள், வளைந்த தண்டை நிமிர்த்தி யாரும் ஜெயித்ததில்லை. எப்போதும் ஒரே ஆள் போட வேண்டும். விழுக்காடுதான் உங்கள் ரிப்போர்ட் என்பதால் மொத்தம் ஐந்து விழுக்காடு ஆடினால் கவலைப்படாதீர்கள்.


தைலக் கொட்டகை எழுதியது:

68 என்றால் என் தைலம் மாதிரியே இருக்கிறதே! அடுத்த சாம்பிளை மேலிருந்து எடுத்து, அந்த உப்பைப் போட்டு அனுப்புகிறேன். உப்பு எங்கே கிடைக்கும்?


லவ்டேல் எழுதியது:

சோடியம் சல்ஃபேட், நீரற்றது என்று கேளுங்கள், கோவையில் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். சமையல் உப்பு போட்டுவிடாதீர்கள். நீங்களே போடுவதைவிட லேபில் போடச் சொல்வது நல்லது, நீங்கள் கலந்து கொடுத்தால் அதையும் ஒரு சந்தேகமாகச் சொல்வார்கள்.


குன்னூர் தேயிலை எழுதியது:

பல்ஸ் போட்டேன், 30 பிஎஸ்ஐ. நிழல் பீக் போய்விட்டது, முன் பீக் பாதி சரியாகிவிட்டது, பிளவு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதற்குப் பூச்சில்லாத குழாய் சொல்லியிருக்கிறேன். ஸ்ப்ளிட் வென்ட் பர்ஜ் 0.75 நிமிடத்தில் திறக்கிறது, பல்ஸ் எவ்வளவு நேரம் வைப்பது?


லவ்டேல் எழுதியது:

பர்ஜ் திறந்த பிறகு பல்ஸ் முடிய வேண்டும். முதலில் பல்ஸ் விழுந்துவிட்டால் உள்ளே அடங்கியிருந்த ஆவி மறுபடி விரிந்து வழியும். 0.9-இல் வைத்துப் பாருங்கள்.